சாமியாரைப் பெற்றவள்

எங்கள் தெருவில் என் அம்மாவுக்கு முதலில் இருந்த பெயர் இஸ்திரிக்காரம்மா. பிறகு பிரதரம்மா ஆனாள். கடைசியில் சாமியாரம்மா. அவளுக்கு வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களில் ஒருவர்கூட இப்போது உயிரோடு இல்லை. கல்லறையில் பொறிக்க என்ன பெயர் என்று கொத்தனார் கேட்டபோது, பெற்ற மகள் நானே கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன். படியேறிப் போனதென்னவோ என் அண்ணன். பட்டப்பெயர் மட்டும் அவளுக்கு மாறிக்கொண்டே வந்தது.

வீட்டின் முன்னறைதான் கடை. நீளமான மேசை, அதன்மேல் மடித்த கம்பளி, அதற்கும் மேல் நாலு மூலையிலும் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. கூரையிலிருந்து தொங்கும் ஒயரில் கனத்த இஸ்திரிப்பெட்டி. பக்கத்தில் கஞ்சிப்பசை கலக்கும் கிண்ணமும், தண்ணீர் தெளிக்க மூடியில் ஓட்டை போட்ட டப்பாவும் இருக்கும். பின்னறையில் நாங்கள் நாலு பேர். அப்பா ஆலையில் பிட்டர். தெருக்கோடியில் கோயில் இருந்ததால் சாமியார் வீட்டுத் துணி, கன்னியர் மடத்துத் துணி, பீடத்துக்கு விரிக்கும் துணி எல்லாம் எங்களிடம்தான் வரும்.

கோயில் பதவிகளின் வரிசை முழுவதும் அம்மாவுக்குத் துணியாகத்தான் தெரியும். ஊதாக் கரை வைத்த அங்கி ஆயருடையது. பழைய ஆட்களைப் போல அவள் ஆயரை 'ஆண்டவர்' என்பாள். அந்த அங்கி வந்தால் பெட்டியின் அடிப்பாகத்தைத் துடைத்து, முதலில் ஒரு பழைய துண்டில் ஓட்டிப் பார்த்து, பிறகுதான் அதைத் தொடுவாள். பங்குச் சாமியார் பெரிய சாமி. அவருக்குத் துணையாக வருகிறவர் சின்ன சாமி, தலை நரைத்துப் பல் விழுந்தவராக இருந்தாலும் சின்ன சாமிதான். குருமடத்தில் படிக்கிறவன் பிரதர். குருப்பட்டத்துக்கு ஒரு படி கீழே நிற்கிறவர் டீக்கன். கன்னியர்கள் சிஸ்டர், அவர்களுக்குத் தலைவி மதர். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கிறவர் உபதேசியார். மணியடித்து மெழுகுவத்தி ஏற்றுகிறவர் கோயில்பிள்ளை. அவருடைய சட்டைக்கு மட்டும் முதுகில் ஒரு இழுப்பு, முன்னால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பதற்கு எங்கள் கோயில்பிள்ளையை விட்டால் ஆளில்லை. முன்வரிசை பெஞ்சில் யார் உட்காரலாம் என்பதை அவர்தான் முடிவு செய்வார்.

பட்டத்தை மாற்றிச் சொன்னால் அம்மாவுக்கு ஆகாது. மதரை நான் ஒருமுறை வாய்தவறி சிஸ்டர் என்று கூப்பிட்டுவிட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள்தான் வாயைத் திறந்தாள். "பேரைத் தப்பாச் சொன்னா மனுஷனுக்குத்தான் கோபம் வரும். பட்டத்தைத் தப்பாச் சொன்னா மேல இருக்கிறவருக்கே வரும்டீ" என்றாள்.

அண்ணன் குருமடத்துக்குப் போகும்வரை அந்த வீட்டில் அவன் வெறும் டா. "எங்கடா போன, வந்து தின்னுட்டுப் போடா, நாசமாப் போறவனே, சட்டையை எங்கடா கிழிச்சுட்டு வந்த?" எங்கள் வீட்டில் உப்புக்குப் பஞ்சம் வந்தாலும் டாவுக்குப் பஞ்சம் வந்ததில்லை. முதல் விடுமுறைக்கு அவன் வந்தபோது அதில் பாதி குறைந்திருந்தது. அவன் வெள்ளை அங்கி போட்ட வருஷம், வாசலில் நின்றவனைப் பார்த்து, "வாங்க பிரதர்" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அம்மா, அவன் எனக்குத்தானே பிரதர், உனக்கு எப்படி?" என்றேன். கரண்டிக்காம்பால் ஒன்று விழுந்தது.

குருப்பட்டம் வாங்கிய அன்று அம்மா மண்டியிட்டு, எண்ணெய் பூசிய அவன் கைகளை முத்தமிட்டாள். முட்டிவலிக்கார அப்பாவும் மண்டியிட்டார். எழுந்திருக்க முடியாமல் அண்ணன் தோளையே பிடித்துக்கொண்டு எழுந்தவர் என் காதில், "நேத்துவரைக்கும் இந்த வீட்ல நான்தான் அப்பா. இன்னைக்கு இவன் ஃபாதர். என் உத்தியோகமும் போச்சு" என்றார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் பக்கத்தில் நின்ற டீக்கன் தன் இடுப்புக்கச்சையைச் சரிசெய்துகொண்டார்.

அன்றிலிருந்து அண்ணன் எங்கள் வீட்டில் சாமி. அவன் உள்ளே வந்தால் அம்மா எழுந்து நிற்பாள். கைவைத்த நாற்காலி அவனுக்கு. அவனைத் தனியாக உட்காரவைத்துப் பரிமாறுவாள், அவன் கைகழுவிய பிறகுதான் நாங்கள் சாப்பிடவேண்டும். நான் மட்டும் அவள் காதுக்கு எட்டாத இடத்தில் அவனை வாடா போடா என்று பேசுவேன். அதற்காகவே அவன் கடைக்குப் பின்னால் என்னைத் தேடி வருவான் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் அடுப்படிக்கு வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டான். "அம்மா, பசிக்குது. இங்கயே போடும்மா."

"ஐயையோ, எழுந்திருங்க சாமி. அங்கி அழுக்காயிடும்."

"ஆனா ஆகட்டும். முன்ன மாதிரி ஒரு தடவை டான்னு கூப்பிடேன். இங்க யாரு இருக்கா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "பூசின கையை வச்சுக்கிட்டு என்ன பேச்சு சாமி இது!" அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அது கெஞ்சல் என்று அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

பிறகு அப்பா போய்விட்டார். பஸ் டிப்போவில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரும் நானும் அம்மாவோடேயே தங்கிவிட்டோம். கடையில் பாதி வேலை என் கைக்கு வந்தது. கோயில் துணி மட்டும் வரவில்லை. அதை அம்மா கடைசிவரை யாரிடமும் கொடுக்கவில்லை.

ஒரு மழைநாள் காலையில் அண்ணன் வந்தான். கட்டம்போட்ட புதுச்சட்டை, கடையில் மடித்த கோடுகூடக் கலையாதது. கையில் ஒரு தோல்பெட்டி. அம்மா பெரிய சாமியின் வெள்ளை அங்கியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்தோத்திரம் சாமி. இந்த மழையில அங்கி நனைஞ்சிடுச்சா? குடுங்க, காயப்போடறேன்."

"அங்கி இல்லம்மா. விட்டுட்டு வந்துட்டேன்."

"எங்க விட்டீங்க? ஆளனுப்பி எடுத்துட்டு வரச் சொல்றேன்."

"அங்கியை மட்டும் இல்லம்மா. சாமியார் வேலையையே விட்டுட்டேன்."

எனக்குத்தான் முதலில் தீய்ந்த வாசனை வந்தது. நான் ஓடிப்போய் இஸ்திரிப்பெட்டியைத் தூக்குவதற்குள் பெரிய சாமியின் அங்கியில் முதுகுப்பக்கம் பெட்டி அளவுக்குப் பழுப்பு விழுந்துவிட்டது. அம்மா கையில் கருகிய துணி அது ஒன்றுதான்.

அவன் திருட்டுத்தனமாக ஓடிவந்தவன் இல்லை. ஆயரிடம் சொல்லி, எத்தனையோ முறை பேசி, மேலிடத்தில் முறைப்படி அனுமதி வாங்கித்தான் வந்தான். என்னடா ஆச்சு என்று நான் கேட்டதற்கு, "ஊரெல்லாம் ஃபாதர் ஃபாதர்னு கூப்பிடுது பாப்பா. கதவைச் சாத்தினா நான் சாப்பிட்டேனான்னு கேட்க ஒரு நாதி இல்ல. அவ்வளவு பெரிய மேசையில ஒரே ஒரு தட்டு. அதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சோறே இறங்கல" என்றான். இதை வெளியில் சொன்னால் இவ்வளவுதானா என்பார்கள். வேறு ஏதாவது இருக்கும் என்று தோண்டுவார்கள். தினமும் தனியாகச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. "அனுமதி வாங்கினா பூசின எண்ணெய் போயிடுமா சாமி?" என்று மட்டும் கேட்டாள்.

"அது போகாதும்மா. எப்பவும் போகாது. ஆனா இனிமே நான் பூசை வைக்கக்கூடாது."

"எண்ணெய் போகலல்ல? அப்ப சாமிதான்." பேச்சை முடித்துக்கொண்டு கைவைத்த நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அடுத்த நாளே கோயில்பிள்ளை துணிமூட்டையோடு வந்தார். மூட்டையை வைத்தவர் போகவில்லை. தலையைச் சொறிந்தார். "இல்லம்மா, ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. முன்னாள் சாமியார்ங்கிறான் ஒருத்தன், ஓடிவந்த சாமிங்கிறான் இன்னொருத்தன். நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நாங்களும் அப்படியே..."

"போன வாரம் என்னன்னு கூப்பிட்ட?"

"ஃபாதர்னு."

"அடுத்த வாரமும் அப்படியே கூப்பிடு. நாக்கு ஒண்ணும் தேஞ்சு போயிடாது."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனாலும் அம்மா மூடிப் பார்த்தாள். அவனை ஒரு சொல் குறைத்துச் சொன்னவர்களின் துணியைத் திருப்பி அனுப்பினாள். தண்ணீர்க்குழாயடியில் ஒரு பெண்ணோடு சண்டைக்கே போய்விட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்குள் நடந்ததைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. அவன் கட்டிலிலிருந்து எழுந்தால் இவள் எழுந்து நிற்பாள். கொல்லைக்குப் போய்வந்தாலும் நிற்பாள். அவனோடு உட்கார்ந்து ஒருவாய் சாப்பிடமாட்டாள். தனியாகச் சாப்பிட முடியாமல் அத்தனையும் உதறிவிட்டு வந்தவன் முன்னால் மறுபடியும் ஒரே ஒரு தட்டு. நான் என் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எழுந்திருடீ, மரியாதை தெரியாதவளே" என்று அம்மா கத்தினாள். நான் எழுந்திருக்கவில்லை. அவன்தான் எழுந்து போய்விட்டான்.

பிறகு டவுனில் ஒரு லாரி பார்சல் ஆபீசில் அவனுக்கு வேலை கிடைத்தது. வந்திறங்கும் மூட்டைகளைச் சரிபார்த்து ரசீது போடும் வேலை. தான் யார் என்பதை அங்கே யாரிடமும் அவன் சொல்லவில்லை. சாயங்காலம் உடம்பெல்லாம் தூசியோடு வருவான், முகம் மட்டும் தெளிவாக இருக்கும். "அங்க என்னை எல்லாரும் அண்ணேங்கிறாங்க பாப்பா. ஒரு டிரைவர் இன்னைக்கு என்னைக் கெட்ட வார்த்தையில திட்டினான் தெரியுமா!" பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி அதைச் சொன்னான்.

அந்தச் சந்தோஷத்தில் அம்மாதான் மண்ணள்ளிப் போட்டாள். வேண்டுமென்று போடவில்லை. வேண்டுமென்று போட்டிருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாக அவளைத் திட்டிக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவன் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனான். அம்மா கேரியரை எடுத்து, பீடத்துணி மாதிரி வெளுத்த ஒரு துணியால் மூடி, பஸ் ஏறிப் போய்விட்டாள். லாரிகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே நின்று, "ஃபாதர் இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"இங்க ஏதும்மா ஃபாதர்? கோயில் அந்தப்பக்கம்" என்றானாம் மூட்டை தூக்குகிறவன்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எந்தக் குருமடத்தில் படித்தார், எந்த ஆயர் கையால் பட்டம் வாங்கினார், எந்தெந்தப் பங்குகளில் இருந்தார் என்று நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ஆட்கள் கூடிவிட்டார்கள். சத்தம் கேட்டு அண்ணன் வெளியே வந்தான். அத்தனை பேருக்கும் முன்னால் அம்மா தலைகுனிந்து, "ஸ்தோத்திரம் சாமி" என்றாள்.

மறுநாளிலிருந்து பாதிப்பேர் கேலி செய்தார்கள். "ஃபாதர், மூட்டையைக் கீழ போட்டுட்டேன், பாவமன்னிப்பு உண்டா?" மீதிப்பேர் மரியாதை கொடுத்தார்கள். அவன் வந்தால் பீடியைப் பின்னால் மறைத்தார்கள், பேச்சை நிறுத்தினார்கள், ஒரு நாற்காலியைத் தேடிப் பிடித்து அவனுக்குப் போட்டார்கள். கேலியை அவன் பொறுத்துக்கொண்டான். நாற்காலியைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு வந்து அம்மாவின் எதிரில் நின்றான். அவள் வழக்கம்போல எழுந்தாள். அவன் அவளுடைய இரண்டு தோளையும் பிடித்து உட்காரவைத்தான்.

"அம்மா, நான் உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல. இப்ப ஒண்ணு கேட்கிறேன். ஒரே ஒரு தடவை என்னை டான்னு கூப்பிடு. திட்டிக்கூட கூப்பிடு. நாசமாப் போறவனேன்னு சொல்லு. எனக்கு அது போதும்."

அம்மா முயற்சி செய்தாள். நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். உதடு பிரிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு, "வாயில வரலையே சாமி, நான் என்ன செய்வேன்" என்று அழுதாள். பெற்ற மனம் பித்து என்பார்கள். அந்தப் பித்துக்குப் பெற்ற பிள்ளையே பலியாவான் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அண்ணன் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியூருக்குப் போய்விட்டான்.

அங்கே ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்த்த, கணவனை இழந்த ஒருத்தியை அவன் கல்யாணம் செய்துகொண்டான். அழைக்க இரண்டு பேரும் வந்தார்கள். அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, "அவங்களை நல்லாப் பார்த்துக்கம்மா" என்றாள். கல்யாணத்துக்கு வரமுடியாது என்றும் சொல்லிவிட்டாள். "சாமியார் கல்யாணத்தை நான் எந்தக் கண்ணால பார்ப்பேன்? நீ போயிட்டு வாடீ" என்று என்னை அனுப்பினாள். கையில் ஒரு பொட்டலம் கொடுத்தாள். மாப்பிள்ளைச் சட்டை. அவளே துணி வாங்கித் தைக்கக் கொடுத்து, தேய்த்து, அங்கியை மடிக்கிற மாதிரியே கைகளைப் பின்னால் சேர்த்து மடித்திருந்தாள். அண்ணன் அந்த மடிப்பைப் பார்த்தான். அப்படியே போட்டுக்கொண்டான்.

அதற்குப் பிறகு போனில்தான் பேச்சு. நான் பேசி முடித்து அம்மாவிடம் கொடுத்தால், போனை வாங்கியதும் எழுந்து நின்றுகொள்வாள். நின்றபடியே, "ஸ்தோத்திரம் சாமி, சுகமா இருக்கீங்களா சாமி" என்பாள். கொஞ்ச நாளில் அவன் அம்மாவிடம் கொடு என்று கேட்பதை நிறுத்திக்கொண்டான். போன் வந்தால் அவள் மட்டும் எழுந்து நின்று என் முகத்தையே பார்ப்பாள். நான் வைத்த பிறகு உட்காருவாள்.

அம்மாவின் இதயம் வீங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. பின்னறைக் கட்டிலில் கிடந்தபடியே முன்னறையில் நான் தேய்ப்பதைக் காதால் கேட்டு, "ஈரம் பத்தலடீ, சத்தமே வரல" என்று குரல் கொடுப்பாள். அவளைக் குளிப்பாட்டியது, ஊட்டியது, மலஜலம் எடுத்தது எல்லாம் நான். முகம் சுளித்துக்கொண்டுதான் செய்தேன், ஆனால் செய்தேன். அவள் என்னை எப்போதும் டீ போட்டுத்தான் கூப்பிட்டாள். அண்ணன் ஏங்கிக் கிடந்த உரிமை எனக்குத் தினமும் வேண்டிய மட்டும் கிடைத்தது. எனக்கு வேண்டியிருந்தது வேறு. நீ நல்லாப் பார்த்துக்கிட்டேடீ என்று ஒரு வார்த்தை. கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று காலையில் நான் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவன் கிளம்பிவிட்டேன் என்றான். அதற்குள் அம்மா கண்விழித்து, "சாமியாரைக் கூப்பிடுடீ, பாவசங்கீர்த்தனம் பண்ணணும்" என்றாள். தன் பாவங்களைச் சாமியார் காதில் சொல்லி மன்னிப்பு வாங்காமல் கண்மூட அவள் தயாராக இல்லை.

அது சாமியார்கள் எல்லாரும் வருஷாந்தரத் தியானத்துக்குப் போகிற வாரம். ஆயர் முதல் சின்ன சாமி வரை எல்லாரும் எங்கோ ஒரு மடத்தில் வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். சுற்றுவட்டாரம் முழுவதற்கும் ஒரே ஒரு வயதான சாமியாரை விட்டுவிட்டுப் போவார்கள். அவரும் தூரத்தில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். கோயில்பிள்ளை எங்கெங்கோ சைக்கிளில் அலைந்து, வேர்த்து விறுவிறுத்து வந்து அம்மாவின் கால்மாட்டில் நின்றார். "ராத்திரிக்குத்தான் திரும்புவாராம்மா. நான் மணியடிக்கலாம், மெழுகுவத்தி ஏத்தலாம். இதை நான் கேட்க முடியாதே" என்று அந்த மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார். முன்வரிசை பெஞ்சுக்காக அவர்மேல் இருந்த என் கோபம் அன்றோடு போயிற்று.

"எதுக்கு அழற? நம்ம சாமி வர்றாங்கல்ல" என்றாள் அம்மா.

மதியத்துக்கு மேல் அண்ணன் வந்தான். தலையைப் படிய வாரி, கல்யாணத்துக்கு அம்மா கொடுத்தனுப்பிய அந்தச் சட்டையைப் போட்டிருந்தான். வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டான்.

"முழிச்சிருக்காங்களா?"

"ம்."

"என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

அவன் முகம் ஒரு நொடி மலர்ந்ததைப் பார்த்தேன். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. "பாவசங்கீர்த்தனம் பண்ணணுமாம். வேற சாமியார் யாரும் இல்ல. நம்ம சாமின்னு சொன்னாங்க" என்றேன்.

அவன் இஸ்திரி மேசைக்குப் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "நான் பிள்ளையா வந்தேன் பாப்பா" என்றான்.

"அப்ப முடியாதுன்னு சொல்லிடு. நீதான் அதையெல்லாம் விட்டுட்டியே."

"மாட்டேன்னு சொல்ல முடியாது. பூசை வைக்கிறதை எடுத்துட்டாங்க, மத்ததெல்லாம் எடுத்துட்டாங்க. சாகப்போறவங்க கேட்டா, என்னை மாதிரி ஆளும் கேட்டுத்தான் ஆகணும். சபையோட சட்டமே அதுதான்." எழுந்துபோய் முகமும் கையும் கழுவினான். என் துண்டை வாங்கி ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

அவனைக் கண்டதும் அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். தலையணையிலிருந்து தலை கொஞ்சம் உயர்ந்தது. "ஸ்தோத்திரம் சாமி" என்றாள். அண்ணன் கண்ணை மூடித் திறந்தான். பிறகு கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு, அம்மாவின் வாய்க்கு நேராகத் தன் காதை வைத்தான்.

"நீ வெளிய போடீ. கதவைச் சாத்திட்டுப் போ" என்றாள் அம்மா என்னிடம்.

அத்தனை மாதமும் அவள் உடம்பில் நான் பார்க்காத இடமில்லை. இப்போது போ என்றால் போகவேண்டும். போனேன். கதவைச் சாத்திவிட்டு மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து முணுமுணுப்பு மட்டும் வந்தது. அம்மா பேசினாள், மூச்சு வாங்கினாள், மறுபடி பேசினாள். வாழ்நாள் முழுக்கத் துணி தேய்த்தவளுக்கு அப்படி என்ன பாவம் இருக்கும், இவ்வளவு நேரம் சொல்ல? ஒரு கட்டத்தில் ஓர் அழுகைச் சத்தம் கேட்டது. அது அம்மாவுடையது இல்லை. பிறகு அவன் மெதுவான குரலில் மன்னிப்பின் ஜெபத்தைச் சொன்னான். எத்தனையோ வருஷம் கழித்துச் சொன்னாலும் ஓரிடத்திலும் தட்டவில்லை.

கதவைத் திறந்து, "வா பாப்பா" என்றான். நான் ஓடினேன். அம்மாவுக்குக் கண் திறந்திருந்தது, பேச்சு நின்றிருந்தது. "அம்மா, அம்மா" என்று உலுக்கினேன். என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேயிருந்தாள். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

அவளைக் குளிப்பாட்டிப் படுக்கவைத்த பிறகுதான் அண்ணனைச் சரியாகப் பார்த்தேன். படிய வாரியிருந்த தலைமுடி கலைந்து நெற்றியில் விழுந்துகிடந்தது. பட்டம் வாங்கிய நாளிலிருந்து அம்மா அவன் தலையைத் தொட்டதில்லை.

"டேய், உன்னை டான்னு கூப்பிட்டாங்களா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஆமா இல்லன்னு தலையையாவது ஆட்டேன்டா."

"பாவசங்கீர்த்தனத்துல கேட்டதைச் சொல்லக்கூடாது பாப்பா. யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"நீதான் சாமியார் இல்லையே!"

"இல்லதான்" என்றான். "ஆனா கேட்டது கேட்டதுதானே."

"சரி, உன் கதையை விடு. என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா? நல்லதா வேண்டாம், திட்டினாங்கன்னாலும் பரவாயில்ல, சொல்லு. ஒரு வார்த்தை."

அவன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நான் அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினேன். அவன் தடுக்காமல் நின்று அத்தனை குத்தையும் வாங்கிக்கொண்டான்.

இப்போதும் மாதம் ஒருமுறை வருகிறான். அண்ணியும் வருகிறாள். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பேசுகிறோம், சிரிக்கவும் செய்கிறோம். அம்மா கடைசியாகப் பேசியதெல்லாம் எனக்கு எதிரே சோறு பிசைந்துகொண்டிருக்கிற இந்த ஆளுக்குள்தான் இருக்கிறது என்று நடுவில் நினைப்பு வரும், எனக்குச் சோறு இறங்காது. நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்டாலும் சொல்லமாட்டான். அம்மா சொன்னதுதான் சரி, அவன் சாமியார்தான். எனக்கு அண்ணனாக இருந்திருந்தால் சொல்லியிருப்பான்.